சாவி எறங்கின டேங்கோ

சேம்பர் மியூசிக்ங்கிறது, நாலு பேரு ஒரு ரூம்ல ஒக்காந்துக்கிட்டு, அஞ்சாவது ஆள் உள்ள வந்துராம பாத்துக்கிற தொழில்.

என்னாங்கடா இளிக்கிறீங்க? நீங்க மட்டும் என்னா? ஒருத்தன் காமன் கூத்துக்கு தப்பு மோளம் தூக்கிட்டுப் போயி தோள்பட்ட எறங்கிப்போனவன். ஒருத்தன் சர்ச் பாட்டுக் கோஷ்டில வாய மட்டும் அசைச்சவன். இந்தா குந்தியிருக்கானே, இவன் தோட்டத்து நாடகத்துல மூனு வருசமா மரமா நின்னவன். கலைன்னு எவனாவது குரல் குடுத்தா போதும், சாமான் தூக்க நம்ம கூட்டந்தான் கெடைக்கும். அதனாலதான் இத ஒங்ககிட்ட சொல்றேன். வலி தெரிஞ்சவனுங்க.

தேயிலத் தோட்டத்தையெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கிட்டு, வெள்ளக்கார தொரைமாரு பொட்டி கட்டிக்கிட்டு இருந்த சமயம் அது. நான் அட்டன்ல படிப்ப பாதில போட்டுட்டு, நுவரெலியாவுல மாமா வீட்டுச் சோத்துக்கு கேடா சுத்திக்கிட்டு இருந்தேன். சும்மா திரியிற பயல் கையில ஒரு பிடில குடுத்தா உருப்படுவான்னு மாமாகிட்ட சொன்னவரு டேவிட் மாஸ்டர். இஸ்கூல்ல கணக்கு, சர்ச்சுல பிடில். ரெண்டுலயும் ஒரே மொகம்.

மொத பிடில் மாஸ்டர். ரெண்டாவது பிடில் நான், அதாவது மாஸ்டர் வாசிக்கிறத கொஞ்சம் கீழயும் கொஞ்சம் தப்பாவும் வாசிக்கிறவன். பியானோ ரோஸ்லின் டீச்சர், சண்டே ஸ்கூல் எடுக்கிறவங்க. செலோன்னு ஆள் ஒசரத்துக்கு ஒரு பிடில் இருக்குமே, அது கந்தப்பளைப் பக்கத்து தோட்டத்துல பெரிய கிளாக்கரா இருந்த செபஸ்தியான் ஐயாவோடது. அதத் தூக்குறது என்னோடது.

நெருப்பு இருக்கிற ரூம்

நம்ம ஊரு பனிக்கு மனுசனே விட்டுப்போவான், மரத்துல ஒட்டுன பச எம்மாத்திரம். ஒரு மழைக்காலத்துல கிளாக்கரையாவோட செலோ பலாப்பழம் மாதிரி வாயப் பொளந்துக்கிச்சு. கண்டில தச்சு வேல பாக்குற பாஸ் ஒருத்தரு ஒட்டிக் குடுத்துட்டு, இன்னொரு தடவ விட்டா வெறகுதான்னு சொல்லிட்டாரு. கிளாக்கரையா கல்யாணம் கட்டாதவரு. பொஞ்சாதி புள்ள எல்லாம் அந்த செலோதான். டவுன்ல ஒரு கிளப்புக்குப் பின்னால பியானோ போட்ட ரூம் ஒன்னு இருந்திச்சு. செவுத்துல நெருப்பு மூட்டுற எடமும் இருந்திச்சு. அங்கதான் செலோ குடியிருந்திச்சு, சனிக்கிழம ஆனா நாங்களும் போயி அதுக்கு தொணைக்கு ஒக்காந்து வாசிப்போம். நெருப்பு அணையாம பாத்துக்கிட்டது கிளப்பு சமையக்காரரு, அப்பு.

கிளப்புக்கு புதுசா வந்த செக்ரட்டரி, சிங்கள ஐயா, மாத்தையான்னுதான் கூப்புடுவோம், ஒருநா கதவுல சாஞ்சு நின்னு முழுசா கேட்டாரு. இது முடிஞ்சிருச்சா, இல்ல நடுவுல நிக்கிதான்னு விசாரிச்சாரு. முடிஞ்சிருச்சுன்னு மாஸ்டர் சொன்னதும் மொகத்துல அப்பிடி ஒரு நிம்மதி. அப்பறம் ரூம சுத்தி ஒரு பார்வ பாத்துட்டு சொன்னாரு: "ஏப்ரல் சீசனுக்கு கிளப்புல நடக்கிற டான்சுக்கு டேங்கோ வாசிங்க மாஸ்டர். சனம் எந்திரிச்சு ஆடினா ரூம் ஒங்களுக்கு. குந்திக்கிட்டே இருந்தா பில்லியட்ஸ் மேசைக்கு."

ஆர்ஜென்டினாக்காரனோட சோகம்

டேங்கோன்னா ஆர்ஜென்டினா நாட்டுல ஆம்பளையும் பொம்பளையும் நெஞ்சோட நெஞ்சு ஒட்டிக்கிட்டு ஆடுற ஆட்டம். கப்பலேறின தொரை ஒருத்தரு விட்டுட்டுப் போன சாமான்ல அந்தப் பாட்டு ரெக்கார்டு ஒன்னு, பக்கத்துக்கு ஒரு பாட்டா, இருந்திச்சு. கூடவே ஒரு கிராமபோன் பொட்டி. அதுக்கு சாவி குடுக்கிற உத்தியோகம் எனக்கு. ஸ்பிரிங்கு கெழடு. எவ்வளவு சுத்தினாலும் பாதிப் பாட்டுல சாவி எறங்கிரும், பாட்டு ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டுப் போற ஆள் மாதிரி மொனகும். நான் ஓடிப்போயி சுத்துவேன், செத்தது துள்ளி எந்திரிக்கும்.

மாஸ்டர் காத பொட்டிக்குள்ள விட்டுக்கிட்டு ஒன்னு விடாம எழுதினாரு. மொனகுற எடத்துல 'ஆழ்ந்த சோகம்'னு எழுதினாரு. நான் சாவி சுத்தின எடத்துல 'திடீர் கோவம்'. நடுநடுவுல பிடில்ல கர்ரு கர்ருன்னு ஒரு சத்தம் வரும், அத மட்டும் ரெக்கார்டு தேஞ்ச சத்தம்னு ஒதுக்கிட்டாரு. எனக்கு பொறுக்கல. மாஸ்டர், அது சோகமில்ல, சாவி எறங்கிருச்சுன்னு சொன்னேன். மனுசன் கண்ணாடிய கழட்டி தொடைச்சுட்டு என்னைய பாவமா பாத்தாரு. "இது ஆர்ஜென்டினாக்காரனோட சோகம்டா. பரிச்சையில பாதில எந்திரிச்சு வந்தவனுக்கெல்லாம் புரியாது."

தேத்தண்ணி

ஆட்டம் தெரியாம அதுக்கு எப்பிடி வாசிக்கிறதுன்னு கிளாக்கரையா ஒரு கேள்வி கெளப்பினாரு. ரெக்கார்டு ஒறையில ஒரு படம் போட்டிருந்திச்சு. ஒரு ஆளு ஒரு பொம்பளைய மடியில விழுகுற மாதிரி சாச்சுப் புடிச்சிருப்பான். டீச்சர் அந்தப் படத்த ஒருதடவ பாத்துட்டு பியானோ பக்கம் திரும்பி ஒக்காந்தவங்கதான், அப்பறம் திரும்பவே இல்ல. வேற வழி? மாஸ்டர் ஆம்பள, கிளாக்கரையா பொம்பளன்னு முடிவாச்சு. மாஸ்டர் ஒல்லி, ஐயாவுக்கு தொந்தி. நெஞ்சோட நெஞ்சு ஒட்டுறதுக்கு தொந்தி எடம் குடுக்கல.

நான் சாவி சுத்த, ரெண்டு பேரும் எண்ணிக்கிட்டே நடந்தாங்க. சோகமான எடம் வந்திச்சு. மாஸ்டர் மூச்சப் புடிச்சு ஐயாவ சாச்சாரு. அந்த நேரம் பாத்து அப்பு தட்டோட உள்ள வந்தாரு. அப்பிடியே நின்னாரு. கண்ணுல ஒரு சிரிப்பு இல்ல, மரியாதன்னா அதுதான் மரியாத. "தேத்தண்ணி கொண்டாந்தேன் மாஸ்டர். இல்ல, அப்பறமா வரட்டுங்களா?"

பிரேக்கு கம்பி

வெளிநாட்டுச் சாமான் ஒன்னும் வராத காலம். டான்சுக்கு கொஞ்ச நாள் இருக்கயில மாஸ்டரோட பிடில்ல மேல் கம்பி அறுந்திச்சு. கொழும்புலயும் இல்லன்னுட்டாங்க. மாஸ்டர் நேரா என்கிட்ட வந்தாரு. என் பிடில வாங்கி, என் கம்பிய கழட்டி தன்னோடதுல பூட்டிக்கிட்டாரு. மொத பிடில்னா சும்மாவா.

நான் காசிம் நானாவோட ஹார்ட்வேர் கடைக்குப் போனேன். வேலி கம்பி காட்டினாரு, முயலு கண்ணி கம்பி காட்டினாரு. கடைசியா சைக்கிள் பிரேக்கு கம்பிய பிரிச்சு ஒரு இழைய உருவினாரு. கட்டி இழுத்துப் பாத்தேன். பூனைய மிதிச்ச மாதிரி கத்திச்சு. நானா காதப் பொத்திக்கிட்டு கம்பிய பொட்டலம் கட்டிக் குடுத்தாரு: "உருளக்கெழங்கு மூட்டையோட பள்ளத்துல எறங்குற சைக்கிளையே புடிச்சு நிறுத்துற கம்பி தம்பி இது. ஒங்க மாஸ்டரையும் நிறுத்திச்சுன்னா ஊருக்கே புண்ணியம்."

புள்ளக் காம்பராவுல கச்சேரி

டான்சுக்கு முன்னால ஒருநா நல்ல வெயிலா இருக்கயில, செலோவ தன்னோட தோட்டத்து ஆளுங்களுக்கு காட்டணும்னு கிளாக்கரையாவுக்கு ஆச. தூக்கிட்டு ஏறினோம், அதாவது ஏறினேன். பாதி மலையில வானம் பொத்துக்கிச்சு. ஐயா மேல்கோட்ட கழட்டி செலோவுக்கு போட்டுட்டு, தான் நனைஞ்சுக்கிட்டே ஓடி வந்தாரு. கிட்டத்துல புள்ளக் காம்பராதான் இருந்திச்சு. கொழுந்து எடுக்கப் போற பொம்பளைங்க கைப்புள்ளைங்கள விட்டுட்டுப் போற எடம். வரிசையா துணித் தொட்டில், ஒவ்வொன்னும் ஒவ்வொரு ராகத்துல அழுகுது.

மாஸ்டருக்கு கேட்க ஆளு கெடைச்சா போதும், வயசு பாக்க மாட்டாரு. வாசிங்கன்னாரு. டீச்சருக்கு அங்க பியானோ இல்ல, கைய தட்டி எண்ணிக்கிட்டு இருந்தாங்க. டேங்கோ தொடங்கிச்சு. கொஞ்சத்துல ஒரு அழுக நின்னுச்சு. அப்பறம் இன்னொன்னு. ஆழ்ந்த சோகம் வந்தப்ப காம்பராவே அமைதி. நாடி நரம்பெல்லாம் முறுக்கேத்துற பாட்டாம். தொட்டில ஆட்டிக்கிட்டிருந்த ஆயா கைய எடுத்து கும்பிட்டுச்சு: "நாளைக்கும் வாங்க சாமி. ஒரு உசிரு பாக்கியில்லாம தூங்கிருச்சு."

சாஞ்ச தொரைசாணி

சீசன் டான்சு. புது தொரைமாரு, கோட்டு போட்ட அதிகாரிங்க, பட்டுச் சேலைங்க. எல்லாரும் செவுத்தோரமா வரிசையா குந்தியிருக்காங்க. பல்லு புடுங்க வந்தவங்க கூட இதவிட சந்தோசமா இருப்பாங்க. கிளாக்கரையா செலோவ கட்டிப் புடிச்சுக்கிட்டு, ஒதட்டுக்குள்ள செபம் சொல்லிக்கிட்டு இருந்தாரு. அப்பு சூடா கட்லட்டு தட்ட தூக்கிக்கிட்டு சுத்துறாரு. வாசிக்கிறவங்களுக்கு வாசிச்சு முடிச்சப்பறம், அதுவும் மிச்சம் இருந்தாத்தான்னு செக்ரட்டரி உத்தரவு.

மொத பாட்டுக்கு ஒரே ஒரு ஜோடி எந்திரிச்சுச்சு. ஒசரமான ஒரு தொரையும் அவரு சம்சாரமும். நல்லாத்தான் ஆடினாங்க. தொரை ஸ்டைலா அந்தம்மாவ பின்னால சாச்சாரு. சரியா அந்த எடத்துல எங்களுக்கு ஆழ்ந்த சோகம் வந்திருச்சு. பாட்டு இழுக்குது, தொரை புடிச்சுக்கிட்டு நிக்கிறாரு. இன்னும் இழுக்குது. தொரையோட நெத்தி வேர்க்குது. திடீர் கோவம் வந்தப்ப அவரு திடுக்கிட்டதுல அந்தம்மா தலை தரைய தொட்டுட்டு வந்திச்சு. ஹாலே கேக்குற மாதிரி அந்தம்மா சொன்னாங்க: "ஒன்னு ஆடுங்க, இல்ல என்னைய கீழ போடுங்க."

கர்ரு

ரெண்டாவது பாட்டு. ஒருத்தரும் எந்திரிக்கல. செக்ரட்டரி மாத்தையா ரூம் பக்கம் பாத்து கையால பில்லியட்ஸ் மேசை அளவு காட்டி யாருக்கோ வெளக்குறாரு. கிளாக்கரையா அதப் பாத்துட்டாரு. அந்த மொகத்த நான் சொல்ல மாட்டேன். அப்பதான் என் வில்லு வழுக்கி, கம்பியத் தூக்கி நிறுத்துற குதிரைக் கட்டைக்கு அந்தப் பக்கம், வாசிக்கவே கூடாத எடத்துல போயி, பிரேக்கு கம்பிய ஒரசிச்சு. கர்ர்ரு! ஒரு கெழட்டு தொரை நாக்காலிய விட்டு துள்ளினாரு. மறுபடி கர்ரு. அவரு கால தரையில தட்டினாரு. அந்தத் தட்டுக்கு நான் கர்ரு, என் கர்ருக்கு அவரு தட்டு. சோகம் வர வேண்டிய எடத்துல நான் நிக்காம ஓடினேன். மாஸ்டர் பல்ல கடிச்சுக்கிட்டு தொரத்தினாரு, டீச்சர் பியானோவ குத்துனாங்க, கிளாக்கரையா கண்ண மூடிக்கிட்டு செலோவ அறுத்தாரு. பாத்தா தரையில கால் வைக்க எடமில்ல. தலை தரைய தொட்ட தொரைசாணி வேற ஒரு ஆளோட ஆடுது.

முடிச்சதும் மறுபடி, மறுபடின்னு கத்துனாங்க. மாஸ்டர் என் காதுகிட்ட வந்து, அந்த அசிங்கத்த நிறுத்துறியா இல்லையான்னு உறுமினாரு. செக்ரட்டரி மாத்தையா வேர்வையோட ஓடி வந்து அவரு தோள்ல கைய வச்சாரு: "ரூம் ஒங்களுக்குத்தான் மாஸ்டர். ஆனா அந்த கர்ரு போடுற பொடியன் மேல கை வைக்க வேணாம், சொல்லிட்டேன்."

தேயாத ரெக்கார்டு

அடுத்த சனிக்கிழம நெருப்பு நல்லா எரிஞ்சிச்சு. கிளாக்கரையா செலோவ தொடைச்சுக்கிட்டே, மாஸ்டர், அந்த ரெக்கார்ட இன்னொருக்கா போடுங்கன்னாரு. சாவி எறங்காத மாதிரி நான் விடாம சுத்திக்கிட்டே இருந்தேன். பாட்டு ஒரு எடத்துலயும் மொனகல. அந்தக் கர்ரு, தேஞ்ச சத்தம்னு ஒதுக்கினமே, அது தாளம் தப்பாம, நம்ம கெழட்டு தொரை கால் தட்டுன அதே எடத்துல, ஒவ்வொரு தடவையும் வந்திச்சு. ரெக்கார்டுல வாசிச்ச ஆளு வேணும்னேதான் ஒரசியிருக்கான்.

நாங்க சோகம்னு வச்சுக்கிட்டது பொட்டியோட கோளாறு, கோளாறுன்னு தூக்கிப் போட்டதுதான் பாட்டு. டீச்சர் சிரிப்ப அடக்க கைலேஞ்சித் துணிய வாயில வச்சுக்கிட்டாங்க. மாஸ்டர் தான் எழுதின தாள எடுத்து கண்ணுகிட்ட வச்சுப் பாத்தாரு. இப்பவாவது தப்புன்னு சொல்லுவாருன்னு காத்திருந்தேன். கணக்கு மாஸ்டரு, சொல்லுவாரா? "பாவம்டா, அந்த ஆர்ஜென்டினாக்காரனுக்கும் கம்பி கெடைக்கல போலருக்கு."

அன்னையிலருந்து ஊரு முழுக்க என்னைய டேங்கோ மேதைன்னு சொல்லுது, ஆனா ஒங்ககிட்ட மறைக்க என்னா இருக்கு, கட்லட்டு தட்டு எந்தப் பக்கம் போகுதுன்னு பாத்ததுல வில்லு வழுக்கிருச்சு, பாட்ட ஓட்டினது தட்டு காலியாகுறதுக்குள்ள முடிக்கத்தான், அப்பிடியும் ஒன்னுதான்டா கெடைச்சிச்சு.