நான் கடக்காத சாய்வு

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் மொன்றியலின் சென்ட் லோரன்டில் ஒரு மருந்துத் தொழிற்சாலையின் ஆய்வுகூடத்தில் வேலை செய்தேன். அங்கே என்னோடு வேலை செய்த நாலைந்து பேர் பனி கொட்டும் மாரிக்கு மாரி கியூபெக்கின் கஸ்பே பக்கத்து மலைகளுக்குப் போவார்கள். ஸ்கீ பலகையின் அடியில் வழுக்காத பட்டியை ஒட்டிக்கொண்டு ஆளில்லாத மலையில் ஏறுவார்கள். உச்சியில் பட்டியை உரித்துவிட்டுச் சறுக்கி இறங்குவார்கள். அவர்களோடு பழகி எனக்கும் அந்தப் பைத்தியம் பிடித்துவிட்டது.

அம்மாவுக்கு அது விளங்கவே இல்லை.

"கலியாணம் கட்டுற வயசிலை உனக்கென்ன மலையும் பனியும்? ஆக்கள் என்ன கதைப்பினம்?"

"கதைக்கட்டும் அம்மா. ஒரு கிழமையிலை வாறன்."

அம்மா குசினிக்குள் போய்ச் சட்டி பானைகளை உருட்டினார். நான் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

போவதற்கு முன் பனிச்சரிவு பற்றிய வார இறுதி வகுப்பொன்றுக்குக் காசு கட்டிப் போயிருந்தேன். எங்கள் குழுவில் வேறு யாரும் போகவில்லை. பொதியிடும் பகுதியில் வேலை செய்த கியூபெக் பெண் ஒருத்தி மட்டும் என்னிடமிருந்த பாடக் குறிப்புகளை வாங்கிப் படித்தாள். குழுவை நடத்தியவன் எங்கள் ஆய்வுகூடத்து வேதியியலாளன். சிறுவயது முதல் அந்த மலைகளில் திரிந்தவன். வகுப்பெல்லாம் நகரத்து ஆட்களுக்கு என்பான்.

மலையடிவாரத்துக் குடிலுக்குப் போய்ச் சேர்ந்ததும் புயல் தொடங்கியது. விறகடுப்பைச் சுற்றியிருந்து சீட்டாடினோம். புயல் ஓய்ந்த காலை வானம் கண் கூசும் நீலமாக இருந்தது. எல்லோரும் குழந்தைகள் மாதிரித் துள்ளினார்கள். நானும்தான். புதைந்தவரைத் தேடும் சமிக்ஞைக் கருவியை ஆளுக்கொன்று நெஞ்சில் கட்டிக்கொண்டோம். பையில் பனி அள்ளும் சவளும், பனிக்குள் குத்திப் பார்க்கும் மடக்குக் கம்பியும் இருந்தன.

காடு முடிந்த இடத்தில் மரமே இல்லாத பெரிய சாய்வு ஒன்று குறுக்கே கிடந்தது. புயற்காற்று மலையின் மறுபக்கத்துப் பனியை எல்லாம் அள்ளி வந்து அதன்மேல் குவித்திருந்தது. காட்டோரத்தில் நான் பலகையை எடுத்து வைத்ததும் காலுக்கு அடியில் 'வூம்' என்று ஒரு சத்தம். பனி மொத்தமாக ஒருமுறை அமர்ந்தது. என் பலகை நுனியிலிருந்து ஒரு வெடிப்பு ஓடிப் போனது. கீழேயுள்ள அடுக்கு மேலே இருப்பதைத் தாங்கவில்லை என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்?

"நான் இதைக் கடக்க மாட்டேன்," என்றேன்.

வேதியியலாளன் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். "இதை நான் எத்தனை தரம் கடந்திருக்கிறேன் தெரியுமா?"

"அந்த நாட்களில் இந்தப் பனி இங்கே இருக்கவில்லை."

"நீ உன் நாட்டு யுத்தத்துக்குள் இருந்து வந்தவள். பனிக்கா பயப்படுகிறாய்?"

எனக்குச் சுள்ளென்று வந்தது. "அங்கேயிருந்து நான் உயிரோடு வந்தது துணிவால் என்று நினைத்தாயா? ஷெல் கூவுகிற சத்தம் கேட்டதும் விழுந்து படுத்ததால் வந்தேன். இப்போதும் சத்தம் கேட்டது. நான் போகவில்லை."

பிறகு பொதியிடும் பெண் என் பக்கத்தில் வந்து நின்றாள். "நானும் போகவில்லை," என்றாள்.

"உங்கள் இஷ்டம்," என்றான் அவன். குரலில் எரிச்சல்.

அவர்களை விட்டுவிட்டுத் திரும்ப எனக்கு மனம் வரவில்லை. "ஒருவர் கடந்த பிறகு மற்றவர் போங்கள். நாங்கள் இங்கே நின்று பார்க்கிறோம்," என்றேன். அதைக் கேட்டார்கள். அடர்ந்த மரங்களுக்குள் நின்றபடி, போகிற ஒவ்வொருவர் மேலிருந்தும் கண்ணை எடுக்காமல் பார்த்தோம். பனி சரிந்து ஆளை அடித்துக்கொண்டு போனால் கடைசியாகக் கண்ட இடம் தெரிய வேண்டும். அங்கேயிருந்துதான் தேட வேண்டும். பக்கத்தில் நின்றவள் என் கையை நோக நோகப் பிடித்திருந்தாள்.

ஒன்றும் நடக்கவில்லை. எல்லோரும் கடந்தார்கள். அந்தப் பக்கத்திலிருந்து கூச்சலிட்டுக் கையசைத்தார்கள். நாங்கள் இருவரும் வந்த வழியே காட்டுக்குள்ளால் இறங்கினோம்.

பின்னேரம் குடிலுக்குள் வந்ததும் வேதியியலாளன் கேட்டது ஒரே கேள்வி. "பார்த்தாயா?"

"பார்த்தேன். சரியவில்லை. அதற்காக நீ செய்தது சரியாகிவிடாது," என்றேன். சூப் ஆறும்வரை விவாதித்தோம். அவனும் விட்டுக்கொடுக்கவில்லை, நானும் விட்டுக்கொடுக்கவில்லை.

மொன்றியலுக்குத் திரும்பிய பிறகு சாப்பாட்டு அறையில் இந்தக் கதை ஒரு பகிடியாகச் சுற்றியது. தமிழ்ப் பெண் பனியைக் கண்டு நடுங்கினாளாம். கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. தட்டை வைத்துவிட்டு எழும்பி, எனக்கு வந்த அரைகுறைப் பிரெஞ்சில் அந்தச் சத்தத்தையும் வெடிப்பையும் எல்லோருக்கும் சொன்னேன். சிலர் சிரித்தார்கள். முழுக்கச் சொல்லி முடித்த பிறகுதான் உட்கார்ந்தேன்.

அடுத்த மாரியில் நானும் பொதியிடும் பெண்ணும் புதுக் குழு ஒன்று சேர்த்தோம். வருகிறவர் வகுப்புக்குப் போயிருக்க வேண்டும். ஒருவர் வேண்டாம் என்றால் எல்லோரும் திரும்ப வேண்டும். காரணம் கேட்கலாம், கெஞ்சக் கூடாது. வேதியியலாளனும் வரலாமா என்று கேட்டான். நிபந்தனையைச் சொன்னேன், தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டான், வரவில்லை.

அதற்குப் பிறகு எத்தனையோ நல்ல வெயில் நாட்களில் பாதி மலையில் திரும்பியிருக்கிறோம். நாங்கள் விட்டுவிட்டு வந்த சாய்வுகளில் சரிந்தவை எவை, சரியாதவை எவை என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை.