மெக்கானிக் முன்னால் கெட்டுப்போகாத கார்

எங்கள் காருக்கு ஆள் பார்த்து நடக்கத் தெரியும் என்பது அம்மாவின் கட்சி. வீட்டு முன்னால் நிறுத்திச் சாவியைத் திருகினால் 'டக்' என்று ஒரே ஒரு சத்தம் கேட்கும், அதோடு சரி. மறுபடி திருகினால் மறுபடி ஒரு 'டக்'. ஏற்காட்டிலிருந்து மெக்கானிக்கை வரவழைத்து, அவரும் நிதானமாக டீ குடித்துவிட்டுச் சாவியில் கை வைத்தாரோ இல்லையோ, ஆய்வாளர் வந்த நாளில் எங்கள் வகுப்பு இருப்பதைப் போல அது பரம ஒழுக்கமாகக் கிளம்பிவிடும். "நல்லாத்தானுங்க இருக்குது வண்டி" என்று அவர் அப்பாவை ஒரு மாதிரியாகப் பார்ப்பார். அப்பா காரை ஒரு மாதிரியாகப் பார்ப்பார். போகிற போக்கில் பேட்டரி மேல் ஒரு பழியைப் போட்டுவிட்டு மெக்கானிக் இறங்கிப் போவார்.

அப்பா நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் ரைட்டர். காலையில் வந்தவர்கள் யார், யாருக்கு எந்தக் காட்டில் வேலை என்று எழுதி ஆட்களைப் பிரித்து அனுப்பும் உத்தியோகம். அந்த வெள்ளைக் கார் பழைய மேனேஜர் ஒருவர் மலையிறங்கிப் போகும்போது எங்களுக்கு விட்டுப்போனது. எனக்கு அப்போது பத்து வயது. காருக்கு என்னைவிட ஏழெட்டு வயது கூடுதலாக இருக்கும். ஒரேயடியாகக் கெட்டுப்போயிருந்தால் எனக்கு அதில் ஆர்வமே வந்திருக்காது. இருபது நாள் ஒழுங்காகக் கிளம்பி, இருபத்தோராம் நாள் மட்டும் ஏன் மாட்டேன் என்கிறது? இந்தக் கேள்வி பள்ளிக்கூடத்தில் சொல்லித்தந்த எதையும்விட என்னைப் படுத்தியது.

ஆனால் நான் அதைக் கண்டுபிடித்தே தீருவது என்று கிளம்பியதற்குக் காரணம் வேறு. அப்பாவின் அக்கா, கரடியூரில் இருந்த என் அத்தை, எங்களோடு பேசுவதை நிறுத்தியிருந்தாள்.

அத்தையின் கணவர், என் மாமா, ஒரு நாள் மாலை திடீரென்று இறந்துபோனார். தகவல் வந்ததும் அம்மா பக்கத்து எஸ்டேட்காரர்களின் ஜீப்பில் கரடியூருக்குப் போய்விட்டாள். அப்பா கோடிச் சேலை எடுத்துக்கொண்டு காலையில் என்னோடு வருவதாக ஏற்பாடு. கணவனை இழந்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து புதுச் சேலை போக வேண்டும். உடலை எடுப்பதற்கு முன்னால் கூடப்பிறந்தவன் தன் கையால் அதை அவள் மேல் போட வேண்டும். அதைக் கோடி என்பார்கள். அத்தைக்குக் கூடப்பிறந்தவர் அப்பா ஒருவர்தான்.

காலையில் சேலை இருந்த பையை மடியில் வைத்துக்கொண்டு நான் முன் சீட்டில் உட்கார்ந்தேன். அப்பா சாவியைத் திருகினார். டக். இன்னொரு முறை, டக். எங்கள் வீடு காப்பி காயவைக்கும் களத்தின் ஓரம் இருந்தது. சுற்றிலும் சமதரை, தள்ளிவிட்டுக் கிளப்பலாம் என்றால் ஆள் இல்லை. எல்லோரும் மேல்காட்டுக்குப் பழம் பறிக்கப் போயிருந்தார்கள். முதலில் அடுத்தடுத்துத் திருகிக்கொண்டிருந்தவர், பிறகு சாவியிலிருந்து கையை எடுத்துவிட்டுக் கண்ணாடி வழியே வெளியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நெடுநேரம் கழித்து நானே, "இன்னொருக்கா திருகிப் பாருங்கப்பா" என்றேன். திருகினார். டக். போன் போட்டு, "வண்டி கெளம்ப மாட்டீங்குது" என்று அம்மாவிடம் சொன்னார். எங்கள் பங்காளி வகையில் ஒரு பெரியவர் அங்கேயே ஒரு சேலை வாங்கிவரச் சொல்லிக் கோடி போட்டாராம். உடலை எடுத்துவிட்டார்கள்.

கருமாதிக்கு நாங்கள் போனபோது அத்தை எல்லோரையும் "வாங்க" என்றாள். அப்பா நேர் எதிரில் போய் நின்றார், அவரை மட்டும் கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் ஒருவரை "வா" என்று கேட்காமல் விடுவதைவிடப் பெரிய வசவு கிடையாது. கார் மேல் பழியைப் போட்டுவிட்டான் என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டது என் காதில் நன்றாகவே விழுந்தது. லீவு விட்டால் கரடியூருக்கு ஓடிப்போய், அத்தை பக்கத்தில் படுத்துக்கொண்டு கண்டதையும் கேட்டுத் தொல்லை செய்த எனக்கு, இனி அந்த வீடு இல்லை என்றால் தாங்கவில்லை. என் கணக்கு எளிமையானது. காரில் கோளாறு இருந்தது என்று நிரூபித்துவிட்டால் அத்தையின் கோபம் போய்விடும்.

அதற்குள் அப்பா தன் வழியில் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். இனிமேல் சமதரையில் காரை நிறுத்துவதில்லை. சரிவாகப் பார்த்து நிறுத்தி, கிளம்பாவிட்டால் பிரேக்கை விட்டு உருளவிட்டு இரண்டாவது கியரில் கிளப்பிக்கொள்ளலாம். மலைக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த வித்தைதான், ஆனால் அப்பா அதை ஒரு விரதம் போலக் கடைப்பிடித்தார். வீட்டுக் கார் வீட்டுக்கு அரை பர்லாங் தள்ளி ரோட்டுச் சரிவில் நின்றது. சேர்வராயன் கோயில் திருவிழாவுக்குப் போனபோது நல்ல இறக்கம் தேடித்தேடிக் கடைசியில் எங்கோ நிறுத்திவிட்டு, பஸ்ஸில் வந்தவர்களைவிட அதிக தூரம் நடந்தோம். மேட்டில் வீடு கட்டியிருந்த சொந்தக்காரர்களோடு எங்களுக்கு நெருக்கம் கூடியது. சமதரையில் கட்டியவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தூரத்துச் சொந்தமானார்கள்.

நான் ஒரு பழைய கோடு போட்ட நோட்டை எடுத்துக்கொண்டேன். தேதி, கிழமை, பனி உண்டா, மழை உண்டா, முதல் நாள் எவ்வளவு தூரம் ஓடியது, அம்மா காரைத் திட்டினாளா, எல்லாவற்றுக்கும் கட்டம் போட்டுக் குறித்தேன். மூடுபனி நாளில் கிளம்புவதில்லை என்று ஒரு வாரம் நம்பினேன். அடுத்த வாரம் கையை நீட்டினால் கை தெரியாத பனியில் முதல் திருகலிலேயே கிளம்பி என் முகத்தில் கரியைப் பூசியது. செவ்வாய்க்கிழமை மேல் சந்தேகம் வந்தது, அதுவும் பொய்த்தது. அம்மாவின் திட்டுக்கும் காருக்கும் ஏதோ தொடர்பு இருப்பது போலத் தெரிந்தது. ஆனால் அவள் திட்டாத நாளே இல்லாததால் ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லை. அப்பா புது பேட்டரியும் வாங்கிப் போட்டார். பத்தாம் நாள் மறுபடி டக்.

ஒரு நாள் விடிந்த பிறகும் பனி விலகவில்லை. அப்பா ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு, முன்னால் மாடு கீடு நிற்கிறதா என்று பார்க்க என்னை இறக்கிவிட்டார். நான் லைட்டுக்கு நேர் எதிரில் நின்றுகொண்டிருந்தேன். உள்ளே டக் என்றது. லைட் அப்படியே எரிந்தது. இன்னொரு டக். லைட் கண் சிமிட்டக்கூட இல்லை. ஏன் என்று தெரியாமலே, எதற்கும் இருக்கட்டும் என்று அதையும் நோட்டில் எழுதிவைத்தேன்.

அடுத்த முறை மெக்கானிக் வந்தபோது வழக்கம் போலக் கார் யோக்கியமாகக் கிளம்பியது, வழக்கம் போல அவர் பேட்டரி வயரைத் தொட்டுப் பார்த்தார். நான் பக்கத்தில் போய், "டக்குனு சொல்றப்ப லைட்டு மங்கறதே இல்லீங்க" என்றேன்.

அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "நெசமாவா சாமி? துளிகூட மங்கலியா?"

"துளிகூட இல்லீங்க. நான் நேரா நின்னு பாத்தேனுங்க."

பேட்டரி பலவீனம் என்றால் சாவியைத் திருகும்போது லைட் சோர்ந்துபோக வேண்டுமாம். லைட் அப்படியே எரிகிறது என்றால் கரண்ட் வந்து நிற்கிறது, ஸ்டார்ட்டருக்குள் நுழையத்தான் வழியில்லை. இதை இத்தனை நாளாக யாரும் தன்னிடம் சொல்லவில்லையே என்று அவர் அப்பாவைக் கோபித்துக்கொண்டார். தான் ஒருநாளும் கேட்கவில்லை என்பதை வசதியாக மறந்துவிட்டார். அன்றே ஸ்டார்ட்டரைக் கழற்றிச் சாக்கின் மேல் வைத்துப் பிரித்தார்.

உள்ளே ஒரு செம்புத் தகடு இருந்தது, மருந்து பாட்டில் மூடி அளவுக்கு வட்டமாக. சாவியைத் திருகினால் அது முன்னால் பாய்ந்து இரண்டு போல்ட்டுகளைத் தொட்டு இணைக்கும். அந்தச் சத்தம்தான் டக். தகட்டின் ஒரு பாதி பளபளவென்று இருந்தது, மறுபாதி கருகிக் குழிந்திருந்தது. ஒவ்வொரு முறையும் தகடு கொஞ்சம் சுழன்றுகொள்ளும். நல்ல பக்கம் போய்த் தொட்டால் வண்டி கிளம்பும், கருகிய பக்கம் தொட்டால் வெறும் சத்தம்தான். பனி, செவ்வாய்க்கிழமை, அம்மா மூவரும் நிரபராதிகள். சந்தோஷத்தில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அப்பா தகட்டை வாங்கி நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏனுங்க, இது ஆறு மாசம் முன்னாடியே இப்படி இருந்திருக்குமுங்களா?" என்று கேட்டார். வருஷக்கணக்காகவே இருந்திருக்கும் என்று மெக்கானிக் சொன்னதும் அப்பா முகம் தெளிந்தது. புதுத் தகடு போட்ட பிறகு பழையதைத் தூக்கிப்போட விடவில்லை. ஒரு காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை என்னை மட்டும் கூட்டிக்கொண்டு கரடியூர் போனார். என் கண்டுபிடிப்பை அறிவிக்கத்தான் போகிறோம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வாசலின் சமதரையில், ஆறு மாதத்தில் முதல் முறையாக, காரை நிறுத்தி இன்ஜினை அணைத்தார்.

அத்தை வாசலில் பாய் விரித்து மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்தாள். வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அப்பா பாய்க்கு இந்தப் பக்கம் நின்றபடியே காகிதத்தைப் பிரித்தார். "அக்கா, இதப் பாருங்க. இந்தப் பக்கம் தொட்டா ஓடுமுங்க, இந்தக் கருகுன பக்கம் தொட்டா ஓடாதுங்க. அன்னிக்கு நான் பொய் சொல்லலீங்க" என்று ஆரம்பித்து, மெக்கானிக் சொன்னது ஒன்று விடாமல் சொன்னார். நடுவில் போல்ட்டுகளை மட்டும் விட்டுவிட்டார், நான் எடுத்துக்கொடுத்தேன். பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கும்போது நான் நிற்பதைப் போலவே அப்பா நின்றார்.

அத்தை தகட்டை வாங்கினாள். இரண்டு பக்கமும் பார்த்தாள். பிறகு அவரை விட்டுவிட்டு என்னிடம் திரும்பினாள்.

"அன்னிக்கு பஸ்ஸு ஓடலியா கண்ணு?"

சரியான விவரம் தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்பதால் உடனே சொன்னேன். "ஓடுச்சுங்கத்தே. நாங்க காருக்குள்ள உக்காந்திருக்கையிலயே கீழ ரோட்டுல ரெண்டு போச்சுங்க. ரெண்டுலயும் எடம் இருந்துச்சுங்க."

அப்பா மிளகையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "அந்தச் சேலைய எங் கையால உங்க மேல எப்படீங்கக்கா போடுவேன்" என்றார். அவர் அழுது நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பெரியவர்கள் அப்படி அழுவார்கள் என்றே எனக்குத் தெரியாது. பயமாக இருந்தது.

அத்தை பாயை மிதித்துக்கொண்டே இந்தப் பக்கம் வந்து அவர் தோளைப் பிடித்தாள். "இதச் சொல்ல ஆறு மாசமா சாமி? ஊட்டுக்குள்ள வா" என்றாள். மிளகு என் காலடி வரை உருண்டு வந்தது.

மத்தியானம் சாப்பிட்டோம். சாயங்காலம் வரை இருந்தோம். லைட் மங்காததைப் பார்த்தது யார் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. இருவரும் பேசினார்கள், சும்மா இருந்தார்கள், மறுபடி பேசினார்கள். அதில் காரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நாங்கள் புறப்பட்டபோது கார் முதல் திருகலில் கிளம்பியது. அதையாவது கவனித்தார்களா என்றால் அதுவும் இல்லை. எனக்கு அழுகை வரும் போல இருந்தது.

வழியில் பொறுக்காமல், பஸ் ஓடியதற்கும் தகடு கருகியதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். அப்பா ஒரு வளைவு முழுக்க யோசித்தார்.

"ரெண்டு பழுது இருந்துச்சு கண்ணு. ஒண்ண நீ கண்டுபுடிச்ச. இன்னொண்ண உங்க அத்தை கண்டுபுடிச்சுட்டாங்க."

எனக்கு ஒரே பொறாமை. ஸ்பேனரைக் கையால் தொட்டுப் பழகாத அத்தை, பாய் பக்கத்தில் நின்றபடியே எப்படிக் கண்டுபிடித்திருக்க முடியும்? அந்த வாரமே பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் மெக்கானிக்கைப் பிடித்துக் கூட்டிவந்தேன். காரில் இன்னொரு பழுது இருப்பதாகவும், என் அத்தை அதைப் பார்த்துவிட்டதாகவும், அப்பாவே ஒப்புக்கொண்டதாகவும் சொன்னேன். லைட் விஷயத்துக்குப் பிறகு அவர் என் பேச்சைத் தட்டுவதில்லை. பானெட்டைத் திறந்து அரை மணி நேரம் ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தார், காருக்கு அடியில் படுத்தும் பார்த்தார். நான் நோட்டோடு பக்கத்தில் நின்றேன்.

கடைசியில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "எல்லாம் பாத்துட்டேன் சாமி, எனக்கு ஒண்ணும் தெம்படல. உங்க அத்தையவே ஒருக்கா நேர்ல வந்து காட்டச் சொல்லு."

அதுதான் சரி என்று எனக்கும் பட்டது.