கண்ணாடிக்கு எச்சில் தொடும் ஷோனா

வாயில் வைத்து ஈரமாக்கிய பஞ்சுக்குச்சியால் புனித பீட்டரின் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள் ஷோனா பெங்கெல்லி. "மூஞ்சியக் காட்டு பீட்டரு, வெக்கப்படாத. நூறு வருசமா மெழுகுவத்திப் புகைய மோந்துக்கிட்டு நின்னிருக்க, பாவம்" என்று பேச்சு வேறு. ஆஸ்திரேலியாவின் பல்லாரட் நகரில், இந்த வண்ணக் கண்ணாடிப் பட்டறையில் நான் வேலைக்குச் சேர்ந்த அன்று முதலில் கண்ட காட்சி இதுதான். சாமி முகத்தில் எச்சில்! எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இதற்கென்று மருந்துத் தண்ணீர் எதுவும் இல்லையா என்று கேட்டேன். "துப்பலுக்கு மிஞ்சின மருந்த எவன் கண்டுபிடிச்சான்? ரெண்டு வாரத்துல நீயும் துப்புவ பாரு" என்றாள். துப்பினேன்.

ஷோனாவுக்கு ஐம்பத்தெட்டு வயது, சுமைதூக்கி போலத் தோள். கண்ணாடித் துண்டுகளைக் கோக்கும் ஈயப்பட்டையை நிமிர்த்த வேண்டுமென்றால், ஒரு முனையை மேசை இடுக்கியில் மாட்டி, மறுமுனையைக் குறட்டால் கவ்வி, கப்பல் கயிறு இழுப்பவள் மாதிரி பின்னால் சாய்ந்து இழுப்பாள். ஒருநாள் பட்டை அறுந்து மல்லாக்க விழுந்தாள். விழுந்த இடத்திலேயே படுத்துக்கொண்டு மறுகையில் மிச்சமிருந்த, இறைச்சி அடைத்த ரொட்டியைத் தின்று முடித்தாள். ஒரு துணுக்குகூடச் சிதறவில்லை.

புது ஜன்னலும் செய்வாள். மதுக்கடைக்காரர் ஒருவர் மேக்பை பறவை வைத்து ஒரு ஜன்னல் கேட்டார். பிறகு தன் நாயையும் சேர்க்கச் சொல்லி நச்சரித்தார். சேர்த்தாள், நாயின் வாலைப் பறவை கொத்துவது போல. பழைய ஜன்னல் வந்தால்தான் அவள் வாயைக் கேட்க முடியாது. விரிசலில் யாராவது சிலிகான் பசையை அப்பிவைத்திருந்தால் போச்சு. "இதப் பூசினவன் வீட்டுக் கக்கூஸு அடைக்க!" என்று நாள் முழுக்கச் சாபம்தான்.

போன குளிர்காலத்தில், கோதுமை விளையும் ஊர் ஒன்றின் சிறிய தேவாலயத்திலிருந்து ஒரு ஜன்னல் வந்தது. இயேசுவைச் சுற்றிக் குழந்தைகள். லாரிக்குப் பின்னாலேயே தன் காரை ஓட்டிக்கொண்டு எண்பது வயது பெரில் ஹாஸ்கிங்கும் வந்துவிட்டார். ஒரு பையனைத் தொட்டுக் காட்டினார். "இது என் தம்பி கோலின். பண்ணைக் குட்டையில முழுகிப் போனான். அம்மா அவன் போட்டோவக் குடுத்துத்தான் இந்த மூஞ்சிய வரைய வெச்சா. அப்புறம் காட்டுத்தீயில வீடு போச்சு, போட்டோவெல்லாம் போச்சு. அவன் மூஞ்சின்னு இப்ப மிச்சம் இருக்குறது இது ஒண்ணுதான். பாத்துப் பண்ணும்மா."

"கவலைய விடுங்க பெரில். நான் கழுவித் தந்தா கன்னத்துல முத்தமே குடுப்பீங்க."

கண்ணாடியில் தீட்டும் சாயம் சூளையில் வெந்தால் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். அப்புறம் எச்சில் அதை ஒன்றும் செய்யாது. வெந்திருக்கிறதா என்று முதலில் ஓர் ஓரத்தைத் துடைத்துப் பார்ப்பது வழக்கம். ஷோனா இயேசுவின் அங்கி விளிம்பைத் துடைத்துப் பார்த்தாள். கல் மாதிரி இருந்தது. எல்லாம் ஒரே சூளையில் வெந்ததுதானே என்று முகத்துக்குப் போனாள்.

ஒரே ஒரு இழுப்பு. கோலினின் கண்ணும் கன்னமும் பஞ்சில் பழுப்பாக வந்துவிட்டன. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மீதியும் செதில் செதிலாகப் பெயர்ந்து மேசையில் உதிர்ந்தது.

"உள்ள வேற எவனோ இருக்கான்" என்றாள் ஷோனா. குரலே அவளுடையதாக இல்லை.

இருந்தான். எந்தத் தேவாலயத்திலும் காணக்கூடிய சுருட்டை முடிக் குழந்தை ஒன்று, சூளையில் நன்றாக வெந்து, எங்களைப் பார்த்துச் சிரித்தது. ஜன்னல் முடிந்த பிறகுதான் அந்தத் தாய் போட்டோவைக் கொண்டுவந்திருக்க வேண்டும். ஓவியன் அதன் மேலேயே கோலினை வரைந்து, மறுபடி சூளையில் வைக்காமல் மாட்டிவிட்டிருக்கிறான்.

பட்டறை முதலாளி நெவில் ஓடிவந்து பார்த்தார். "கழுவுறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்தோம்ல? அதப் பாத்து வரைஞ்சு விடு. அந்தம்மா கண்ணுக்கு என்ன தெரியப் போவுது?"

அந்தப் போட்டோவில் கரி படிந்த நிழல்தான் இருந்தது. "முழுப் பூசணிக்காய சோத்துல மறைக்கச் சொல்றியா? போய்யா" என்று சொல்லிவிட்டு, எங்கள் முன்னாலேயே பெரிலுக்குப் போன் போட்டாள். "பெரில், உங்க தம்பி மூஞ்சி போயிருச்சு. நான்தான் துடைச்சேன். முகத்துல ஒரு ஓரம் சோதிக்காமத் தொட்டுட்டேன். முழுக்க என் தப்பு."

மத்தியானமே பெரில் வந்துவிட்டார். அடியில் விளக்கெரியும் மேசையில் கிடந்த சுருட்டை முடிக்காரனையே வெகுநேரம் பார்த்தார்.

"யாரு இவன்?"

ஷோனா சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை.

"இத்தன வருசம் எவனோ ஒருத்தன் மேலயா எந்தம்பி ஒட்டிக்கிட்டிருந்தான்?" என்றார் பெரில். "தண்ணி ஒரு தடவ கொண்டுபோச்சு. நெருப்பு ஒரு தடவ கொண்டுபோச்சு. இப்ப நீயாடி?"

ஷோனா மூக்கை உறிஞ்சினாள். அழுகிறாள் என்று புரிய எனக்குச் சற்று நேரம் பிடித்தது.

"மெல்லிசுக் கண்ணாடியில வரைஞ்சு, சூளையில வேக வெச்சு, இதும்மேல பொருத்தலாம். ஆனா பாத்து வரைய எங்கிட்ட ஒண்ணுமில்ல. நீங்க சொல்லுங்க. திட்டிக்கிட்டே கூடச் சொல்லுங்க" என்றாள்.

பெரில் கோட்டுப் பொத்தானைப் போட்டார். போகப்போகிறார் என்றுதான் நினைத்தேன். கதவு வரைக்கும் போனவர் திரும்பி வந்து, ஷோனாவின் முக்காலியில் உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"கண்ணு அவனுக்கு அப்பா கண்ணு. அத அப்புறம் சொல்றேன். இந்தக் கன்னத்தெலும்பும் தாடையும் எங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணு. தோலு தொங்கிருச்சு, எலும்பு அதேதான். தொட்டுப் பாத்துக்க."

ஷோனாவின் கை நீண்டு, பாதியில் நின்றது. விரலெல்லாம் ஈயக் கரி. தொட்டியடிக்குப் போய், சோப்பைக் குழைத்து, பிரஷ்ஷால் நகக்கண் சிவக்கச் சிவக்கத் தேய்த்துக் கழுவினாள். துடைத்தாள், முகர்ந்து பார்த்தாள், மறுபடியும் கழுவினாள். பிறகு வந்து மண்டியிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு கைகளாலும் பெரிலின் முகத்தைப் பிடித்தாள்.