என் திரையில் மட்டும் தெரிந்த கட்டம்

“ஏனம்மிணி, பட்டன் அமுக்கறதுக்கா மூணு வருசம் படிக்கோணும்?”

நான் கம்ப்யூட்டர் படிக்கச் சேர்ந்தபோது ருக்குமணி அத்தை கேட்டது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். இதை இந்த வலைப்பக்கத்தில் எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். இனியும் சொல்வேன்!

இப்போது இருவருக்கும் எல்லை தாண்டி கஞ்சிக்கோட்டில் ஒரே தொழிற்சாலையில் வேலை. அத்தை பேக்கிங்கில், நான் ஆபீஸில். விலைக்கு வாங்கிய சாஃப்ட்வேரை எங்கள் தேவைக்கு ஏற்ப மாற்றித் தருவது என் வேலை. போன மாதம் ஷிப்ட் பட்டியலில் ‘ஏறும் இடம்’ என்று ஒரு கட்டம் சேர்த்தேன். அதைப் பார்த்துத்தான் கம்பெனி பஸ் டிரைவர் மெயின் ரோட்டை விட்டு வேலந்தாவளம் பக்கம் திரும்புவார். அங்கே ஏறுவது அத்தை மட்டும்.

போன ஞாயிறு, சாஃப்ட்வேர் விற்றவர்கள் அனுப்பிய புது வெர்ஷனை ஏற்றினேன். திங்கள் பஸ் திரும்பவில்லை. செவ்வாயும் இல்லை.

“இன்னொரு நாள் லேட்டானா என்னை மத்தியான ஷிப்டுக்குத் தள்ளிருவாங்க. சாயங்காலம் மாட்டுல பால் பீச்ச நீ வருவயா?” என்றார் அத்தை.

பட்டியலை அச்செடுத்து டிரைவருக்குத் தரும் மலையாளி சூப்பர்வைசர் ஷீபா சேச்சிக்குப் போன் செய்தேன். “அந்தக் கட்டம் இங்க இல்லல்லோ மோளே...”

என் திரையில் பளிச்சென்று இருக்கிறதே! சோதனைக்கு வைத்திருந்த பழைய வெர்ஷனைத் திறந்தேன் — இருந்தது. புதியதிலும் இருந்தது. அப்படியானால் கண்ணில் கோளாறு யாருக்கு? எனக்கா, சேச்சிக்கா?

நேரில் போனேன். சேச்சியின் கம்ப்யூட்டரிலேயே என் லாகினில் நுழைந்தேன். கட்டம் வந்தது. சேச்சி தன் லாகினில் நுழைந்தார். காணோம்.

“நீ வந்தா வரும், நான் வந்தா போகும்... இதுக்கு என்னைப் பிடிக்கலையா மோளே?”

அப்போதுதான் உறைத்தது. நான் சேர்த்த கட்டத்தை யார் யார் பார்க்கலாம் என்று கொடுத்திருந்த பெர்மிஷன்களைப் புது வெர்ஷன் துடைத்துவிட்டது. அதன்பின் அட்மின் மட்டுமே பார்க்க முடியும். அட்மின் யார்? சாட்சாத் நான்! ஏற்றியவளும் சரிபார்த்தவளும் நான்தான் — என் லாகினில். எல்லா அறைக்கும் சாவி வைத்திருப்பவளுக்கு எது பூட்டியிருக்கிறது என்று எப்படித் தெரியும்?

ஏன் துடைத்தது? விற்றவர்களைக் கேட்டால், “அது அப்படித்தான் மேடம்” என்கிறார்கள். எனக்கு இன்னும் புரியவில்லை.

பெர்மிஷனைத் திரும்பக் கொடுத்தேன். புதன் காலை பஸ் திரும்பியது. ஜன்னலோரமாக வந்து இறங்கிய அத்தை, “பட்டனை அமுக்கிட்டயாட்ட இருக்குது?” என்றார்.

அன்றே ஒரு புது லாகின் உருவாக்கிவிட்டேன். சேச்சிக்கு என்ன பெர்மிஷனோ, அதற்கும் அவ்வளவுதான். எந்த வெர்ஷனையும் முதலில் அதில்தான் திறந்து பார்க்க வேண்டும்.

அதற்கு வைத்த பெயர், ‘ருக்குமணி’. நான் செய்ததை லேசில் நம்பாத ஆள் ஒருவர் உள்ளே இருக்கட்டுமே!