அம்புக்குறிகளின் மேல் வைத்த பொட்டு

சிட்னியில் செவன் ஹில்ஸ் பக்கத்தில் போய் இந்திரகுமார் என்று கேட்டால் மூன்று பேரைக் காட்டுவார்கள். பிரிட்டிஷ் குமார் என்று கேட்டால் ஒருவரைத்தான் காட்டுவார்கள். பதினேழு வருடம் லண்டனில் இருந்தவரை அங்கே யாரும் ஒருநாளும் பிரிட்டிஷ் என்று சொன்னதில்லை. அந்தப் பட்டம் சிட்னிக்கு வந்த பிறகுதான் கிடைத்தது.

அறுபது வயது. தொழிற்பேட்டையில் ஒரு களஞ்சியத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். மனைவி பவளம் நேர்ஸ். அவளுடைய வேலைக்குத்தான் 2006 இல் ஆஸ்திரேலியா விசா கொடுத்தது. அவர் அவளுடைய விண்ணப்பத்தில் இரண்டாம் பக்கத்தில் வந்தவர். நாலு வருடத்தில் பவளமும் மகள் மயூராவும் ஆஸ்திரேலியக் குடியுரிமையையும் எடுத்து இரண்டு பாஸ்போர்ட்காரர் ஆனார்கள். இவர் மாட்டேன் என்றார்.

"லண்டனில மகாராணிக்கு ஒருக்கா சத்தியம் பண்ணியாச்சு. இஞ்சயும் அதே மகாராணிதானே. ஒரே ஆளுக்கு ரெண்டு தரம் சத்தியம் பண்ணினா முதல் பண்ணினது பொய்யெண்டெல்லோ நினைப்பா" என்பது அவருடைய வாதம்.

இங்கத்தைச் சத்தியத்தில் மகாராணியின் பெயரே இல்லை என்று மயூரா ஃபோனில் எடுத்துக் காட்டினாள். அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டு முழுவதையும் வாசித்துவிட்டு, "அப்ப இன்னும் மோசம்" என்றார்.

தன் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டை அவர் வைத்திருந்த விதத்தைப் பார்த்தால் குழந்தைப்பிள்ளையும் தோற்றுப்போகும். தடித்த பிளாஸ்டிக் உறை, அதற்கு மேல் ஒரு ஸிப் பை, அதற்கு மேல் அலுமாரியில் பவளத்தின் கூறைச்சேலை. பரமட்டாவிலிருந்தும் லிட்கமிலிருந்தும்கூட ஆட்கள் விசாப் படிவங்களைக் கொண்டு அவரிடம் வருவார்கள். பிழை பிடிப்பதில் மன்னன். பாஸ்போர்ட்டைப் பின்பொக்கற்றில் வைக்கக் கூடாது, ஊசி குத்தக் கூடாது, அதிகாரியைத் தவிர வேறு யார் கையிலும் கொடுக்கக் கூடாது. இதையெல்லாம் அவர் இலவசமாகச் சொல்லுவார். கேட்காதவர்களுக்கும் சொல்லுவார்.

இரண்டு வருடத்துக்கு முன் அவரோடு வேலை செய்கிற சுஜீதனின் சின்ன மகள், தகப்பனுடைய பாஸ்போர்ட்டில் பேனாவால் ஒரு பூனைப் படம் கீறிவிட்டாள். சுஜீதன் அதை அழித்துச் சமாளிக்கப் பார்த்தான். ஒரு பிறந்தநாள் விழாவில், கேக் வெட்டுவதற்கு முன், எண்பது பேர் நடுவில் இந்திரகுமார் அவனைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, பழுதெண்டா பழுதுதான். மறைச்சா எயார்போர்ட்டிலதான் பிடிபடுவீர்." சுஜீதன் முகம் கறுத்து, கேக் சாப்பிடாமலே போனான்.

இப்போது மயூராவுக்குக் கலியாணம் வந்தது. அவள் இருபத்துமூன்று வயதில் வேலைக்கென்று லண்டன் போனவள். பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இருக்கும்போது என்ன பயம் என்று அவளை அனுப்பிவைத்தவரும் இவர்தான். மாப்பிள்ளையும் லண்டனிலேயே வளர்ந்த பொடியன். ஐப்பசியில் அங்கேயே கலியாணம். தாரை வார்த்து மகளின் கையை மாப்பிள்ளையின் கையில் கொடுக்கத் தகப்பன் வேண்டும். தகப்பன் இல்லாவிட்டால் தாய்மாமன் செய்யலாம். பவளத்தின் தமையன் சச்சிதானந்தன் லண்டனில்தான் இருக்கிறார். ஒரு ஃபோன் அடித்தால் பட்டு வேட்டியோடு வந்து நிற்பார். ஒவ்வொரு கலியாணத்திலும் படத்தின் நடுவில் நிற்கிற மனிதர் அவர். அவர் கையில் தன் மகளின் கை இருக்கும் என்ற நினைப்பே இந்திரகுமாருக்கு நெஞ்செரிச்சலைக் கொடுத்தது.

பயணத்துக்குப் பதினாறு நாள் இருக்க, சரஸ்வதி பூசை வந்தது. கும்பத்தின் முன் மற்ற வீடுகளில் புத்தகங்களை வைப்பார்கள். இவர் வீட்டில் பவளத்தின் ஸ்டெதஸ்கோப்பும் இவருடைய பாஸ்போர்ட்டும் இருக்கும். ஒவ்வொரு வருடமும் மேலட்டையில் சந்தனத்தைத் தொட்டு ஒரு பொட்டு வைப்பார். இந்த வருடம் போகிற காரியம் பெரிது என்பதால், பெயரையும் படத்தையும் அம்பாள் பார்க்கட்டும் என்று உள்ளே விரித்து வைத்தார். பொட்டை எங்கே வைப்பது என்று ஒரு கணம் யோசித்தார். படத்தில் வைக்கவே முடியாது. செத்தவர்களின் படத்துக்குத்தான் பொட்டு. பெயரில் வைத்தால் பெயர் மறையும். பக்கத்தின் அடியில், இரண்டு வரி நிறைய எழுத்தும் இலக்கமும் அம்புக்குறியுமாக ஓடுகிற இடம் ஒன்று இருக்கிறது. இருபது வருடமாக அத்தனை பேருடைய பாஸ்போர்ட்டையும் பார்த்தவர், அந்த அம்புகள் எதற்கென்று ஒருநாளும் கேட்டதில்லை. யாரும் வாசிக்காத இடம் என்று நம்பி, சந்தனத்தைக் குழைத்து அதன் மேல் குங்குமம் வைத்தார்.

மறுநாள் துடைத்தபோது சந்தனம் போய்விட்டது, குங்குமம் போகவில்லை. அத்தோடு விட்டிருக்கலாம். பளிச்சென்று இருக்கவேண்டுமே என்று, மயூரா விட்டுப்போன நெயில் பொலிஷ் அழிக்கிற தண்ணியைப் பஞ்சில் தொட்டுத் தேய்த்தார். குங்குமம் போனது. கூடவே பக்கத்தின் பளபளப்பும், ஒன்பது அம்புகளும், பிறந்த வருடத்தின் பாதியும் போயின.

அவர் பாஸ்போர்ட்டைப் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து, ஸிப் பைக்குள் வைத்து, கூறைச்சேலைக்கு அடியில் வைத்தார். யாருக்கும் சொல்லவில்லை.

ஒரு வாரம் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. விமானக் கம்பனியின் செயலியில் பாஸ்போர்ட்டை ஃபோன் கமராவில் காட்டச் சொல்லியிருந்தது. காட்டினார். மீண்டும் முயற்சிக்கவும் என்றது. வெளிச்சம் காணாதோ என்று முற்றத்தில் வைத்துக் காட்டினார். பதினொரு தரம் காட்டினார். அந்த அம்புகள் இயந்திரம் வாசிப்பதற்கென்று அப்போதுதான் அவருக்கு விளங்கியது.

"இஞ்சேருங்கோ, என்ர விபரம் எல்லாம் போட்டிட்டன். நீங்கள் போட்டாச்சோ?" என்று குசினியிலிருந்து பவளம் கேட்டாள்.

"இன்ரநெற் ஸ்லோவாக் கிடக்கு" என்றார்.

பயணத்துக்கு ஆறு நாள் இருந்தது. சனிக்கிழமை பின்னேரம் சுஜீதன் கதவைத் தட்டினான். கையில் ஒரு லட்டுப் பெட்டியும் புதுப் பாஸ்போர்ட்டும். பிறந்தநாள் விழாவில் பட்ட அவமானத்துக்குப் பிறகு அவன் இந்த வீட்டுக்கு வருவது இதுதான் முதல் தடவை. கதிரையில் இருந்து, தேத்தண்ணியை ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னான்:

"அங்கிள், அண்டைக்கு எனக்குச் சரியான கோவம். ஆனா நீங்கள் சொன்னது சரி. நான் இப்பதான் உள்ளதைச் சொல்லிப் புதுசுக்குப் போட்டன். என்ர சிநேகிதன் ஒருத்தன் மறைச்சுக்கொண்டு போய், எயார்போர்ட்டில திருப்பி அனுப்பிப் போட்டாங்கள். பெஞ்சாதி பிள்ளையள் எல்லாம் பிளேன் ஏறீட்டினம், அவன் மட்டும் ட்ரெய்ன் எடுத்து வீட்டை வந்தவன். பழுதெண்டா பழுதுதான், என்ன அங்கிள்?"

"ஓம்" என்றார் இந்திரகுமார். லட்டை எடுத்து வாயில் வைத்தார். அது மண் மாதிரி இருந்தது.

சுஜீதன் போனதும் அவர் குசினிக்குள் போனார். பவளம் பருப்புக் கழுவிக்கொண்டிருந்தாள். ஸிப் பையைத் திறந்து, உறையைக் கழற்றி, அந்தப் பக்கத்தை அவளுக்கு முன் விரித்து, நடந்ததைச் சொன்னார்.

"பொட்டு எதில வைச்சனீங்கள்? படத்திலயோ?"

"படத்தில இல்லை. கீழ."

"அப்ப பரவாயில்லை" என்று அவள் பெருமூச்சு விட்டாள். பிறகு பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். முகம் மாறியது. "ஒரு கிழமையா இதை வைச்சுக்கொண்டோ சும்மா திரிஞ்சனீங்கள்? ஊருக்கெல்லாம் சட்டம் சொல்லுற வாய்க்கு, எனக்கொரு வார்த்தை சொல்லேலாமல் போட்டுது?"

அவர் கழற்றிய உறையை ஸிப் பைக்குள் வைத்தார்.

"அண்ணாவுக்குச் சொல்லி வைக்கட்டோ? வேட்டி எடுக்கவேணுமெல்லோ அவருக்கு."

இரண்டு நிமிடத்தில் அவர் கொம்பியூட்டரின் முன் இருந்தார்.

பாஸ்போர்ட் பழுதாகிவிட்ட பிரிட்டிஷ்காரர் அவசரமாகப் பயணம் செய்யத் தற்காலிகப் பயணப் பத்திரம் ஒன்று இருக்கிறது. எத்தனையோ பேருக்கு அவரே அதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். எப்படிப் பழுதானது என்று படிவம் கேட்டது. 'வழிபாட்டின்போது' என்று எழுதினார். அழித்தார். 'நெயில் பொலிஷ் அழிக்கும் திரவத்தால், வழிபாட்டுக்கு அடுத்த நாள்' என்று ஆங்கிலத்தில் எழுதினார். வாசிக்கிற வெள்ளைக்காரன் என்ன நினைத்தாலும் நினைக்கட்டும், உண்மை அதுதான்.

அடுத்த கேள்வியில் கை நின்றது. இதற்கு முன் உங்கள் பாஸ்போர்ட் எதையாவது தொலைத்தோ அழித்தோ இருக்கிறீர்களா?

முப்பத்தாறு வருடத்துக்கு முன், ஊரில் சண்டை நடந்தபோது, இருபத்துநாலு வயதில், கோலாலம்பூரைச் சேர்ந்த பழனிசாமி என்ற பெயரில் அவர் லண்டனுக்குப் பறந்தார். ஆட்களைக் களவாக வெளிநாடு அனுப்புகிற ஏஜென்ட் கொடுத்த பாஸ்போர்ட். உண்மையான பழனிசாமிக்கு இவரைவிடப் பத்து வயது கூட, தடித்த மீசையும் இருந்தது. இவருக்கு அப்போது ஒழுங்காக மீசை அரும்பவில்லை. தரையிறங்க ஒரு மணித்தியாலம் இருக்கும்போது, எந்த நாட்டுக்கும் திருப்பி அனுப்ப முடியாதபடி இருக்க, ஏஜென்ட் சொன்னபடி கழிவறைக்குள் போய், பழனிசாமியைப் பக்கம் பக்கமாகக் கிழித்துத் தண்ணீர் அடித்தார். மேலட்டை கிழியவில்லை. அதைப் பல்லால் கடித்துக் கிழித்தார். பெயரும் இல்லை, ஊரும் இல்லை, சட்டைப்பையில் ஒரு கடதாசியும் இல்லை. அந்த ஒரு மணித்தியாலம் அவர் ஒருவருமே இல்லாமல் ஆகாயத்தில் இருந்தார். அதற்குப் பிறகு பதின்மூன்று வருடம் காத்திருந்து, சொந்தப் பெயரில் ஒரு புத்தகம் கைக்கு வந்தபோது, அதை மோந்து பார்த்துவிட்டு அன்றிரவு தலையணைக்கடியில் வைத்துப் படுத்தார். அதைப் பிளாஸ்டிக் உறைக்குள் வைக்காமல் என்ன செய்வது.

இந்திரகுமார் கேள்வியை மறுபடி வாசித்தார். 'உங்கள் பாஸ்போர்ட்' என்றுதான் இருந்தது. கிழித்தது பழனிசாமியுடையது. 'இல்லை' என்று போட்டார். அது பொய்யில்லை.

பரமட்டாவில் படம் எடுத்தார். திங்கட்கிழமை நகரத்தில் பிரிட்டிஷ் துணைத் தூதரகத்துக்குப் போய்ப் பழைய பாஸ்போர்ட்டைக் காட்டினார். கவுன்டரில் இருந்த பெண் பக்கத்தைப் பார்த்தாள், படிவத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். புதன்கிழமை பத்திரம் கிடைத்தது. நாலைந்து பக்கங்களோடு மெல்லிய ஒரு புத்தகம், போகிற வழியும் திரும்புகிற வழியும் அதிலேயே எழுதியிருந்தது. திரும்பி வருவதற்கான ஆஸ்திரேலிய விசாவை அந்தப் புத்தகத்தின் இலக்கத்துக்கு மாற்றிவிட்டு, அதில் இருந்த தன் படத்தைப் பார்த்தார். தடித்த மீசை, தூக்கமில்லாத கண். முப்பத்தாறு வருடம் பிந்தி அவர் பழனிசாமி மாதிரியே இருந்தார்.

வெள்ளிக்கிழமை சிட்னியில் சிக்கல் இருக்கவில்லை. இயந்திரத்தில் காட்டாமல் விபரங்களைக் கையால் தட்டி ஏற்றினார்கள். விமானம் லண்டனை நெருங்கியபோது அவர் கழிவறைக்குப் போகவேயில்லை. போகவேண்டும் போல இருந்தும் போகவில்லை. பத்திரத்தை நெஞ்சுப் பையில் வைத்து, மேலே கையை வைத்தபடி இருந்தார்.

ஹீத்ரோவில் பாஸ்போர்ட்காரர் எல்லோரும் தானியங்கிக் கதவால் போனார்கள். பவளமும் போயிருக்கலாம். அவள் இவரோடு அதிகாரியின் வரிசையில் நின்றாள். அதிகாரி ஒரு இளம்பெண், மயூராவின் வயதுதான் இருக்கும். மெல்லிய புத்தகத்தைப் புரட்டிவிட்டு ஆங்கிலத்தில் கேட்டாள்.

"உங்களுடைய பாஸ்போர்ட் எங்கே?"

அதே ஊரில், அதே கேள்வி. அன்று அவருக்குத் தெரிந்த ஆங்கிலம் ஏஜென்ட் சொல்லிக்கொடுத்த ஒரு சொல்தான், புகலிடம் கேட்கிற 'அசைலம்'. அதைச் சொன்னதும் ஜன்னல் இல்லாத ஒரு அறைக்குக் கொண்டுபோனார்கள். பதினாலு மணித்தியாலம் அங்கே இருந்தார். இன்று அவருக்கு நல்ல ஆங்கிலம் தெரியும். ஆனால் வாயைத் திறந்தபோது தமிழ்தான் வந்தது.

"மகளுக்குக் கலியாணம்."

பவளம் அதை ஆங்கிலத்தில் சொன்னாள். பாஸ்போர்ட்டுக்கு நடந்ததையும் சொன்னாள், நெயில் பொலிஷ் வரைக்கும். அந்தப் பெண் சிரிக்கவில்லை. எத்தனை மகள்மார் என்று கேட்டாள். ஒருத்தி என்றார். கொஞ்ச நேரம் எதையோ தட்டினாள். பிறகு புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தாள்.

இந்திரகுமார் அங்கேயே நின்றார்.

"நீங்கள் போகலாம், சார்" என்றாள் அவள்.

அவர் அப்போதும் நின்றார். பவளம் சட்டையில் பிடித்து இழுத்தாள். "என்னப்பா, ஏன் நிக்கிறியள்? பின்னால சனம் நிக்குது."

"இல்லை... அந்த அறைக்குக் கூட்டிக்கொண்டு போவினமெண்டு நினைச்சன்" என்றார்.

பவளம் அவருடைய கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போனாள். பெட்டிகள் சுற்றி வருகிற இடத்தில் அவர் ஒரு தூணுக்குப் பின்னால் போய் நின்று, சின்னப்பிள்ளை மாதிரி அழுதார். அவர்களுடைய பெட்டி அவர்களைத் தாண்டி மூன்று தரம் சுற்றியது.

வெளியே மயூரா நின்றாள். பக்கத்தில் சச்சிதானந்தன், எதற்கும் இருக்கட்டும் என்று வந்தவர்.

"அப்பா, ஏன் இவ்வளவு லேட்? வாட் ஹாப்பெண்ட்?" என்று கேட்டாள் மயூரா.

"ஒண்டுமில்லை. படிவத்தில ஒரு கேள்வி" என்றார். சச்சிதானந்தனுக்குத் தலையை ஆட்டிவிட்டு, மகளின் கையைப் பிடித்துக்கொண்டார். அதைக் கொடுப்பதற்கு இன்னும் நாலு நாள் இருந்தது.