முதல் ஓட்டும் டெல்லிக்கு ஒரு கடிதமும்

நான் பிறந்தது கடற்கரையில். ராமநாதபுரத்துப் பக்கம், மணலும் உடைமரமுமாகக் கிடக்கும் ஊர். எங்கள் நாடாளுமன்றத் தொகுதி கரையோரமாகவே நீண்டு போகும். அதன் ஒரு கோடியில் நாங்கள். தேர்தல் வந்தால் ஒலிபெருக்கி கட்டிய கார் ஒன்று தார்ச்சாலை முடியும் இடம் வரை வரும், மணலைப் பார்த்ததும் திரும்பிவிடும். "நமக்கு எம்.பி.ன்னு ஒருத்தர் இருக்கார்ங்கிறதே பேப்பர்ல பாத்துத்தான் தெரியும்" என்று அப்பா சிரிப்பார். ஆனாலும் ஓட்டு நாளில் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு முதல் ஆளாகப் போய்விடுவார்.

எழுபதுகளின் நடுவில் செண்பகனூர்ப் பக்கம் ஒரு மிஷன் பள்ளியில் எனக்கு ஆசிரியை வேலை கிடைத்தது. கடலை விட்டு மலைக்கு வந்தாலும் தொகுதிக் கதை மாறவில்லை. ஓட்டில் பெரும்பங்கு கீழே சமவெளியில். மலை அதன் வால். "மேல ஏறி வர்ற நேரத்துல கீழ பத்து ஊர் சுத்திரலாம்" என்று கட்சிக்காரர்கள் வெளிப்படையாகவே சொல்வார்கள்.

வாக்காளர் பட்டியல் எடுக்கும் வேலை எப்போதும் ஆசிரியர்கள் தலையில்தான் விழும். எனக்கு விழுந்தது பெருமாள்மலைக்குக் கீழே, அடுக்கம் போகிற பாதையை ஒட்டி இருந்த ஒரு குடியிருப்பு. இரண்டு அரசுகளும் போட்ட ஒப்பந்தப்படி சிலோன் தேயிலைத் தோட்டங்களிலிருந்து அனுப்பப்பட்டு வந்த குடும்பங்கள் அங்கே இருந்தன. காப்பித் தோட்டத்திலும் உருளைக்கிழங்குக் காட்டிலும் தினக்கூலி வேலை செய்தார்கள்.

மூன்றாவது வீட்டில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தார். நோட்டைப் பார்த்ததும் கோடாரியைக் கீழே வைத்தார்.

"பேர் எழுதுறது எதுக்கு டீச்சர்? ரேசனுக்கா?"

"இல்லம்மா, ஓட்டுக்கு."

"யாருக்கு?"

"உங்களுக்குத்தான்."

அவர் உள்ளே போய்த் தகரப் பெட்டியைத் திறந்து, பாஸ்போர்ட்டையும் குடும்ப அட்டையையும் எடுத்து வந்தார். முந்தானையால் இரண்டு தடவை துடைத்துவிட்டு என் கையில் கொடுத்தார்.

"அங்க எங்க அம்மா ஒரே ஒரு தடவை ஓட்டுப் போட்டுச்சு டீச்சர். நான் அப்ப பதினேழு வயசுக் குமரி. லயத்து வரிசை வீடுகள்ல இருந்த பொம்பளைக எல்லாம் குளிச்சு முழுகி, கல்யாணத்துக்குப் போற மாதிரி லொறி ஏறிப் போனாங்க. அடுத்த தடவை உனக்கும் வயசாகிரும், நீயும் வரலாம்னு அம்மா சொல்லுச்சு. அதுக்குள்ள எங்க ஆளுகளுக்கு ஓட்டே கெடையாதுன்னுட்டாங்க. முப்பது வருசம் கொழுந்து கிள்ளினேன். யாரு வேணும், யாரு வேணாம்னு என்கிட்ட ஒருத்தரும் கேக்கல."

எழுதி முடித்ததை வாசித்துக் காட்டச் சொன்னார். வாசித்தேன். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். அதையும் செய்தேன்.

தேர்தல் மார்கழிக் குளிரில் வந்தது. அந்தக் குடியிருப்பை ஒட்டிய பள்ளிக்கூடத்தில்தான் வாக்குச்சாவடி. விரலில் மை வைக்கும் வேலை எனக்கு. தலைமை அலுவலர் வத்தலகுண்டிலிருந்து வந்த கணக்கு வாத்தியார். தலையைச் சுற்றி மப்ளர் கட்டியும் அவருக்குப் பல் தந்தியடித்தது. ஜன்னலில் கிறிஸ்துமஸுக்குப் பிள்ளைகள் ஒட்டிய காகித நட்சத்திரம் இன்னும் இருந்தது.

கதவைத் திறந்தால், பனிமூட்டத்துக்குள் பெண்கள் வரிசை. பெட்டியில் மடித்து வைத்திருந்த நல்ல சேலைகளைக் கட்டி, தலையில் கனகாம்பரம் வைத்திருந்தார்கள். முதல் ஆளாக அந்த அம்மா நின்றார்.

பட்டியல் வைத்திருந்த அலுவலர் பேரைச் சத்தமாக வாசித்தார், கணவர் பேரையும் வாசித்தார். அப்புறம் நிறுத்திவிட்டு மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்தார். அச்சில் அந்த அம்மாவின் பேருக்கு நேரே 'ஆண்' என்று இருந்தது.

ஒரு கட்சியின் ஏஜெண்டாக உட்கார்ந்திருந்த பெருமாள்மலைக் கடைக்காரர் துள்ளி எழுந்தார். "சார், இது ஆம்பளை ஓட்டு. இந்த அம்மா போட முடியாது."

நான் எழுதிக் கொடுத்த பேர். முப்பது வருடம் காத்திருந்தவர் ஒரு எழுத்துப் பிழையால் திரும்பிப் போவதா?

அந்த அம்மா கொஞ்சமும் அசரவில்லை. "தம்பி, நாலு புள்ளை பெத்தவ நான். நாலும் வெளியதான் நிக்குதுக. கூப்பிடவா?"

வரிசை முழுக்கச் சிரித்தது. கணக்கு வாத்தியார் விதிப் புத்தகத்தைப் புரட்டி, விரல் வைத்து ஒரு வரியைப் படித்தார். "ஆள் அவங்கதான்னு தெரிஞ்சா போதும். அச்சுப் பிழைக்காக ஓட்டை நிறுத்தக் கூடாதுன்னு போட்டிருக்கு. ஏங்க, ஆள் இவங்கதானே?"

கடைக்காரர் தலையைச் சொறிந்தார். "ஆள் அவுகதான் சார். எங்க கடையிலதான் அரிசி வாங்குறாக." சொல்லிவிட்டு அவரும் சிரித்துவிட்டார்.

மை வைக்க அந்த விரலைப் பிடித்தேன். காப்பிக்கொட்டைக் கறை படிந்து காய்ப்பேறிய விரல். "கொஞ்சம் அழுத்தி வைங்க டீச்சர். வெரசா அழிஞ்சிரப் போகுது" என்றார்.

அட்டை மறைப்புக்குள் போனவர் வரவேயில்லை. கணக்கு வாத்தியார் கழுத்தை நீட்டினார். "என்னம்மா, ஏதும் சந்தேகமா?"

"சந்தேகம் ஒண்ணுமில்லீங்க. இம்புட்டு வருசம் கழிச்சு வந்திருக்கேன், கொஞ்சம் நின்னு பாத்துட்டு வர்றேன்."

அவர் சீட்டைப் பெட்டிக்குள் போட்டு வெளியே போனதும் குலவைச் சத்தம் கேட்டது. "இது வாக்குச்சாவடிம்மா, சத்தம் போடாதீங்க" என்று வாத்தியார் அதட்டினார். அதட்டும்போதே மப்ளருக்குள் அவர் முகம் மலர்ந்திருந்தது. மதியத்துக்குள் அந்தக் குடியிருப்பில் ஓட்டுப் போடாதவர் ஒருவரும் இல்லை.

யாருக்குப் போட்டார் என்று அவர் கடைசிவரை சொல்லவில்லை. சில மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை பள்ளிக்கே என்னைத் தேடி வந்தார்.

"டீச்சர், ஜெயிச்சவரு எங்க இருப்பாரு?"

"டெல்லியில."

"டெல்லிக்குத் தபால் போகுமா?"

"போகும்."

"அப்ப ஒண்ணு எழுதுங்க."

அவருடைய தங்கை இன்னும் சிலோனில்தான் இருந்தாள். அவள் கடிதம் பெருமாள்மலைக் கடையில் வந்து கிடக்கும். சில சமயம் சர்க்கரை மூட்டைக்கு அடியில் மாதக்கணக்கில் கிடக்கும். பதில் போடவும் அவ்வளவு தூரம் ஏறி வர வேண்டும். குடியிருப்புக்கு ஒரு தபால் பெட்டியும், வாரத்தில் சில நாளாவது வரும் தபால்காரரும் வேண்டும். தபால் மத்திய அரசு சமாச்சாரம் என்று யாரிடமோ கேட்டுத் தெரிந்துகொண்டுதான் வந்திருந்தார்.

மணலைப் பார்த்துத் திரும்பும் கார்களைப் பார்த்தே வளர்ந்தவள் நான். "நம்ம கடிதத்தை எல்லாம் படிப்பாங்களாம்மா?" என்று இழுத்தேன்.

"படிக்கிறது அவரு சோலி. நீங்க எழுதுங்க." அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். ஒரு இடம் இன்னும் மனப்பாடமாக இருக்கிறது: 'நாங்கள் உங்களுக்கு ஓட்டுப் போட்டோமா என்று கேட்காதீர்கள். போட்டாலும் போடாவிட்டாலும் எங்களுக்கும் நீங்கள்தான் எம்.பி.' கீழே குடியிருப்பு முழுவதும் கையெழுத்தும் கைநாட்டும்.

மூன்று மாதம் கழித்து, அரசு முத்திரை குத்திய பழுப்பு உறை ஒன்று பள்ளி விலாசத்துக்கு வந்தது. பாடத்தைப் பாதியில் விட்டுவிட்டு, தலைமையாசிரியையிடம் சொல்லிக்கொண்டு பஸ் பிடித்து ஓடினேன். காப்பித் தோட்டத்து வேலியோரம் நின்று வாசித்தேன். 'தங்கள் கோரிக்கை அஞ்சல் துறைக்கு அனுப்பப்பட்டுள்ளது.' அவ்வளவுதான் இருந்தது. அதற்கே பெண்கள் கூடையைக் கீழே போட்டுவிட்டுக் கை தட்டினார்கள். எங்கள் ஊரில் யாரும் அப்படி ஒரு கடிதம் எழுதிப் பார்த்ததே இல்லை.

மறு வருடம் குடியிருப்பின் டீக்கடைக்குப் பக்கத்தில் இருந்த சில்வர் ஓக் மரத்தில் சிவப்புப் பெட்டி வந்துவிட்டது. முதல் கடிதம் தங்கைக்கு. அந்த அம்மாவே போட்டார். இரண்டு நாள் கழித்துத் தபால்காரர் வந்து பெட்டியைத் திறந்தபோது நானும் அங்கே இருந்தேன். உள்ளே கை நுழைய இடமில்லை. ஒவ்வொன்றாக எடுத்து விலாசம் பார்த்தவர் நிமிர்ந்தார்.

"ஏம்மா, பாதிக்கு மேல இந்தக் காலனிக்கேதான் இருக்கு. அடுத்த வீட்டுக்கு எதுக்குத் தபாலு?"

"போட்டா போகுதான்னு பாத்தோம்ங்க" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, முதல் வீட்டு வாசலில் போய் நின்று, "தபால்!" என்று கூப்பிட்டார்.