அரசியின் கண்ணீரும் என் ரோல்ஸும்

இன்று அயர்லாந்தின் வெக்ஸ்போர்டில் நான் தொண்டு செய்யும் பெண்கள் காப்பகத்துக்கு ஐரோப்பிய அரசர் ஒருவரின் மனைவி வந்தார். வீட்டில் அடிபட்ட பெண்களுக்காக உலகெங்கும் உழைப்பவர். அவர் கைகொடுக்காவிட்டால் காப்பகத்தை மூடவேண்டியதுதான்.

"சாப்பாடு எதுவும் கொடுக்கக் கூடாது" என்று பாதுகாவலர் முன்பே எச்சரித்திருந்தார்.

"வந்த மனிசியை வெறும் வயித்தோடயோ அனுப்புறது?" என்று அங்கே தங்கியிருக்கும் சாந்தி அக்கா, இறைச்சிக்கறி வைத்துச் சுருட்டி நான் பொரித்த ரோல்ஸை நீட்டிவிட்டார்.

பாதுகாவலர் பாய்வதற்குள் அரசி கடித்துவிட்டார். முகம் சிவந்தது. கண்ணீர் வழிந்தது.

மிளகாய்த்தூளை அள்ளிப் போட்டவள் நான்தான்.

"அக்கா, துலைஞ்சம்!"

"பேசாம நில்லும்."

அரசி கண்ணைத் துடைத்துவிட்டு இன்னொன்று எடுத்தார்.

மாலைச் செய்தி: பெண்களின் துயரம் கேட்டு அரசி கண்கலங்கினார், காப்பகத்துக்கு உதவுவார்.

உண்மையைச் சொல்லவா, ரோல்ஸுக்கு ஓடர் எடுக்கவா?